மண்ணை ஊரிடம் திருப்பிக் கொடுப்பது

செங்கோட்டையைத் தாண்டிப் புளியறைக்கு வந்துவிட்டால் சமவெளி முடிந்துவிடும். கொல்லம் – திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலை இங்கேதான் எஸ் வளைவில் ஏறி ஆரியங்காவுக் கணவாய்க்குள் நுழைகிறது. ஆனியிலும் ஆடியிலும் அதே கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் இறங்கி வரும். மலையிலிருந்து அரிகர நதி இறங்குகிறது. குண்டாறு, ஐந்தருவியாறு, அழுதகண்ணியாறு, அனுமன் நதி என்று இந்தப் பக்கத்து நீரெல்லாம் சிற்றாற்றுக்குத்தான் போகிறது. சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. இங்கே ஒரு ஓடைக்கரையில் எதைக் கொட்டினாலும் அது இங்கேயே கிடக்காது. தண்ணீர் போகிற வழியெல்லாம் அதுவும் போகும்.

என் வேலை இந்த ஓடைக்கரைகளில்தான். பழைய உரக்கிடங்கு, லாரிப் பட்டறை இருந்த மனை, குப்பை மூடிய ஓடைப் புறம்போக்கு என்று ஊர் விளிம்பில் கெட்டுப்போய்க் கிடக்கும் நிலங்களைத் தோண்டிச் சலித்து, நச்சைப் பிரித்தெடுத்து, செடியும் பறவையும் மனிதரும் மறுபடி வந்து புழங்கும்படி ஆக்குவது. புளியறையில் வீடு, வேலை தென்காசி வட்டாரத்துச் சிற்றூர்களிலும் பேரூராட்சிகளிலும். பல ஆண்டுகள் இந்த மண்ணில் நின்ற பிறகு எனக்கு உறுதிப்பட்டது ஒன்றுதான். ஒரு நிலத்தை மீட்பதற்கு முன்னால், அது மீண்ட பிறகு யாருக்கு, எதற்கு என்பதை ஊர் சொல்லியாக வேண்டும். அந்தப் பதில் கிடைக்காமல் ஜேசிபியை இறக்கினால் குப்பை இடம் மாறும், நிலம் மீளாது.

ஓடைப் புறம்போக்கில் குப்பை சேர்வதற்குக் காரணம் எளிது. அது யார் பட்டாவிலும் இல்லை. சாலையிலிருந்து எட்டுகிற தூரத்தில் இருக்கும். பள்ளமாக இருப்பதால், ‘மேடாக்கினால் பிறகு எதற்காவது ஆகும்’ என்று ஒரு சமாதானமும் சொல்லிக்கொள்ளலாம். குற்றாலச் சீசனில் வந்து போகும் கூட்டம் விட்டுச் செல்வதும், வளர்ந்துவிட்ட ஊர்களின் அன்றாடக் கழிவும் அங்கே சேர்கின்றன. சேர்ந்த பிறகு அந்தப் பக்கம் போக யாருக்கும் மனம் வராது. ஆள் நடமாட்டம் நின்ற இடத்தில், இரவோடு இரவாகக் கொட்டுகிறவனுக்குப் பயம் விட்டுப்போகும். இப்படித்தான் ஒரு ஓடை சாகிறது.

எந்த அளவுக்குச் சுத்தம் செய்ய வேண்டும் என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது. இதைத் தமிழ்நாட்டுக்குக் கற்றுக்கொடுத்தது கொடைக்கானல். 1980-களில் அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலை அங்கே இயங்கியது. 2001-இல், பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி ஊருக்குள் ஒரு பழைய பொருள் கடையில் கிடப்பதை மக்கள் கண்டுபிடித்தார்கள். தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-இல் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே போனது. 2016-இல், முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. ஆனால் மண்ணைப் பற்றிய வழக்கு அதோடு முடியவில்லை. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை விட்டுவைக்கலாம் என்றொரு இலக்கு வைக்கப்பட்டது. பக்கத்திலேயே பாம்பார் சோலை இருக்கும்போது அந்த அளவு எப்படிப் போதும் என்று சூழலியலாளர்கள் எதிர்த்தார்கள். இருபதா, அதற்கும் கீழா என்பது வெறும் ஆய்வகக் கணக்காக எனக்குப் படவில்லை. அந்த மண்ணில் நாளைக்கு யார் உட்காரப் போகிறார்கள், அதன் வழியாக வடியும் நீரை எது குடிக்கப் போகிறது என்பதுதான் அதன் அடியில் இருந்த கேள்வி. லாரி நிறுத்தப் போகிற இடத்துக்கு ஒரு அளவு போதும். குழந்தை மண்ணளைந்து விளையாடப் போகிற இடத்துக்கு அது போதாது.

ஒரு நிலத்துக்குப் போனதும் நாங்கள் மண்ணைத் தொடுவதில்லை. முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படமும் அ-பதிவேடும் பார்ப்போம். இன்று மேடாகத் தெரியும் இடம் பதிவேட்டில் வாய்க்காலாக இருக்கும். அல்லது குளத்துக்கு நீர் வரும் ஓடையாக இருக்கும். அடுத்தது அக்கம்பக்கத்துப் பெரியவர்கள். இந்த வட்டாரத்தில் நான் வேலை செய்த ஓர் ஓடைக்கரையைப் பற்றிச் சொல்கிறேன். கூடத்தில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த ஒரு ஆச்சியிடம் கேட்டேன்.

“அந்த ஓடையிலதான்யா நாங்க குளிச்சோம், மாட்டக் குளுப்பாட்டினோம். பட்டறக்காரங்க வந்த பொறவு அங்கன யாரும் போறதில்ல.”

“பட்டறையில என்ன ஆச்சி செஞ்சாங்க?”

“லாரிக்கு எண்ண மாத்துவாங்க. அந்தப் புளியமரத்து மூட்டுல உக்காந்து பேட்டரிய ஒடப்பாங்க. கண்ணு எரியும், அந்தப் பக்கம் போவ முடியாது.”

புளியமரம் இப்போது இல்லை. ஆனால் அதன் வேர்க்கட்டை இருந்தது. அந்தக் கட்டையைச் சுற்றி எடுத்த மண்ணில்தான் ஈயம் வெளிப்பட்டது. நிலம் முழுவதையும் சதுரம் சதுரமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மேல்மண்ணும் ஆழமண்ணும் தனித்தனியாக எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது எங்கள் வழக்கம். அங்கும் அப்படியே செய்தோம். எனினும் எந்தச் சதுரத்தில் நெருக்கி நெருக்கி எடுக்க வேண்டும் என்பதைச் சொன்னது ஆச்சியின் நினைவுதான். கருவி அளக்கும், எங்கே அளப்பது என்பதை ஊர்தான் சொல்ல வேண்டும்.

பிறகு சோதனைக் குழி. ஆள் இறங்கி நிற்கும் ஆழத்துக்குத் தோண்டி, சுவரை மம்பட்டியால் நேராகச் சீவி விட்டால், ஊரின் வரலாறு அடுக்கடுக்காகத் தெரியும். மேலே நிறம் மங்காத ஷாம்பு பாக்கெட், கேரிப்பை, டயப்பர். அதன் கீழே சைக்கிள் டயரும் பேட்டரிக் கட்டையும் பழைய ரப்பர் செருப்பும். இன்னும் கீழே சாம்பல், ஓட்டுச்சில்லு, மருந்துக் குப்பிக் கண்ணாடி. எல்லாவற்றுக்கும் அடியில் நத்தை ஓடுகள் பதிந்த கருங்களிமண். அது ஓடையின் பழைய படுகை. களிமண்ணின் நிறம் எந்த ஆழம் வரை மாறியிருக்கிறது என்று பார்த்தால், மேலிருந்து இறங்கிய குப்பைச் சாறு எவ்வளவு தூரம் ஊறியிருக்கிறது என்று ஒரு மதிப்புக்கு வரலாம். கிணறு இருந்தால் அந்தத் தண்ணீரையும் சோதனைக்கு அனுப்புவோம். ஓடைக்கு மேற்பக்கக் கிணறு ஒன்று, கீழ்ப்பக்கக் கிணறு ஒன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் குப்பை செய்த கேடு.

முடிவுகள் வந்த பிறகு, மண்ணில் இருப்பதை மூன்றாகப் பிரித்துப் பார்ப்போம். பொறுக்கி எடுக்கக்கூடியது, காலத்தில் செரிக்கக்கூடியது, செரிக்கவே செரிக்காதது. பிளாஸ்டிக், துணி, ரப்பர், கண்ணாடி முதல் வகை. என்ஜின் எண்ணெய் இரண்டாம் வகை: எண்ணெய் ஊறிய மண்ணைப் பரப்பி, சாணமும் ஈரமும் சேர்த்து, அடிக்கடி கிளறிக் காற்றோட்டம் கொடுத்தால் நுண்ணுயிர்கள் அதை மெல்ல மெல்லத் தின்று தீர்க்கும். பொறுமை வேண்டும், அவ்வளவுதான். ஈயம் மூன்றாம் வகை. எந்தக் கிருமியும் அதைத் தின்னாது, எந்த மழையும் அதைக் கரைத்துத் தீர்க்காது. களிமண்ணைப் பிடித்துக்கொண்டு தலைமுறைகளுக்கு அங்கேயே இருக்கும். குழந்தையின் உடலில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவுமே தெரியவரவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. எனவே அந்தப் புளியமரத்து மூட்டு மண்ணைத் தனியாக வெட்டி, தார்ப்பாயில் கட்டி, அபாயக் கழிவுக்கென்று உரிமம் பெற்ற கிடங்குக்கு அனுப்பினோம். வெட்டியும் அடியில் மிஞ்சியிருக்கக்கூடிய ஈயம் மேலே வராதபடி, பள்ளத்தின் மேல் துணி விரித்து, களிமண் போட்டு இறுக்கி, அதற்கு மேல் நல்ல மண் கொட்டிப் புல் பதித்தோம்.

குப்பையைக் கிளறும் வேலைக்குப் பருவம் உண்டு. ஆனி, ஆடியில் மேட்டைத் திறந்தால் கணவாய்க் காற்று கேரிப்பைகளை அள்ளிக்கொண்டு போய்க் கார் சாகுபடி வயல்களில் போடும். ஐப்பசி, கார்த்திகையில் திறந்தால் வடகிழக்குப் பருவமழை குப்பையின் சாற்றைப் பிசானச் சாகுபடிக்குப் பாயும் வாய்க்காலில் இறக்கும். ஆகவே தையிலிருந்து சித்திரை வரைதான் எங்களுக்குக் காலம். அப்போதும் ஓடைப் பக்கம் ஒரு வரப்பு கட்டி, சாறு தேங்க ஒரு குழி வெட்டிய பிறகே மேட்டில் கை வைப்போம்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பழைய குப்பைக்கென்று 2019-இல் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. நாங்கள் செய்வது அதே முறைதான். மேட்டை வெட்டி நீள நீளமான வரிசைகளாக அடுக்குவோம். நுண்ணுயிர்க் கரைசல் தெளித்து, சில நாட்களுக்கு ஒருமுறை புரட்டிப் போடுவோம். உள்ளே அடைபட்டிருந்த மீத்தேன் வெளியேறி, நாற்றம் அடங்கி, குப்பை காய்ந்ததும் சுழலும் சல்லடையில் ஏற்றுவோம். பெரிய கண்ணில் நிற்பது கல்லும் துணியும் பிளாஸ்டிக்கும். எரியக்கூடியது சிமென்ட் ஆலைச் சூளைக்குப் போகும். சிறிய கண்ணில் விழுவது மண்ணைப் போன்ற கறுப்புத் தூள். சல்லடையின் வாயில் நின்று பிரிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். கையுறையும் பூட்ஸும் முகக்கவசமும் இல்லாமல் ஒருவரையும் அங்கே நிறுத்தக் கூடாது, டி.டி. ஊசியும் மஞ்சள் காமாலைத் தடுப்பூசியும் போட்ட பிறகே வேலை தொடங்க வேண்டும். ஊரின் நச்சை ஊருக்காக அள்ளுகிறவர்கள் அவர்கள். அவர்கள் உடம்பில் அந்த நச்சு ஏறினால் நாம் எதையும் சுத்தப்படுத்தியதாக ஆகாது.

அந்தக் கறுப்புத் தூளைப் பார்த்தால் யாருக்கும் எரு என்றுதான் தோன்றும். விவசாயிகள் டிராக்டரோடு வந்து நிற்பார்கள். “நல்லாத்தான மக்கியிருக்கு, ரெண்டு லோடு குடுங்க சார்” என்பார்கள். “வயலுக்கு வேண்டாம் அண்ணாச்சி” என்று ஒவ்வொரு தடவையும் சொல்லியாக வேண்டும். பழைய குப்பையிலிருந்து சலித்த மண்ணில் உப்பும் கன உலோகமும் மிகுந்திருப்பதையும், நீர் பட்டால் கறுப்புச் சாறு இறங்குவதையும் ஐ.ஐ.டி. டெல்லி ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துகளும் அதில் உண்டு. சொல்லிப் புரியவைப்பதைவிடக் காட்டுவது எளிது என்று இரண்டு தட்டுகளில் பாசிப்பயறு போட்டு வைப்போம். ஒன்றில் வயல் மண், ஒன்றில் சலித்த மண். உப்பு கூடியிருந்தால் இரண்டாவது தட்டில் முளை கருகும். அதேசமயம், முளை நன்றாக வந்துவிட்டால் மண் சுத்தம் என்று நினைத்துவிடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்வேன். ஈயம் பயறை முளைக்கவிடும், தின்பவரைத்தான் பிடிக்கும். அந்த மண்ணைப் பள்ளம் நிரப்பவும், மூடிய மேட்டின் நடு அடுக்குக்கும் பயன்படுத்தலாம். சோற்றுக்கு விளையும் மண்ணில் சேர்க்கக் கூடாது.

எல்லையோர ஊர்களுக்கு இன்னொரு பாரமும் இருக்கிறது. 2024 டிசம்பரில் திருநெல்வேலி அருகே நடுக்கல்லூர், கோடகநல்லூர், கொண்டாநகரம் பகுதிகளில் கேரளத்து மருத்துவமனைக் கழிவுகள் கொட்டப்பட்டது தெரியவந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு கழிவை அகற்றச் சொல்லி உத்தரவிட, அந்த மாதம் 22-ஆம் தேதி கேரள அதிகாரிகளே லாரிகளோடு வந்து அள்ளிச் சென்றார்கள். ஊசியும் ரத்தம் தோய்ந்த பஞ்சும் அடங்கிய கழிவை, எங்கிருந்து வந்ததோ அங்கேயே திருப்பி அனுப்பியது பெரிய காரியம். புளியறைச் சோதனைச்சாவடியில் லாரிகளைத் திறந்து பார்ப்பது இன்று எங்கள் ஊருக்குப் பழகிய காட்சி. ஆனாலும் எத்தனை சோதனைச்சாவடி இருந்தாலும், கொட்டுவதற்கு ஆளில்லாத இடம் கிடைத்துக்கொண்டிருக்கும் வரை லாரி வரத்தான் செய்யும். ஆள் புழங்கும் நிலமே உறுதியான காவல்.

சட்டமும் மெல்ல வந்துகொண்டிருக்கிறது. மாசுபட்ட நிலங்களை அடையாளம் கண்டு மீட்பதற்கென்றே ஒன்றிய அரசு 2025 ஜூலையில் தனி விதிகளை அறிவித்தது. சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகம் பட்டியலிட வேண்டும், மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆராய வேண்டும், கெடுத்தவரிடமே செலவை வசூலிக்க வேண்டும் என்பது அதன் சாரம். நாங்கள் நீண்ட நாள் எதிர்பார்த்திருந்தது இது. பட்டறை மனை போன்ற இடங்களுக்கு உதவும். ஊர்க் குப்பைமேடுகள் பெரும்பாலும் அந்த விதிகளுக்கு வெளியே, திடக்கழிவு விதிகளின் கீழ்தான் நிற்கின்றன. எங்கள் ஓடைக்கரையைப் போல குப்பையும் பேட்டரி ஈயமும் ஒரே இடத்தில் கலந்து கிடந்தால், இரண்டு சட்டத்தையும் கையில் வைத்துக்கொண்டு இரண்டு அலுவலகம் ஏற வேண்டியிருக்கும். சலிக்காமல் ஏற வேண்டும்.

மண் அடங்கிய பிறகு தண்ணீர், தண்ணீருக்குப் பிறகு செடி. இந்த வரிசையை நான் மாற்றுவதில்லை. சென்னை அடையாறு முகத்துவாரத்தை அடுத்து, கட்டட இடிபாடும் குப்பையும் நிறைந்து கிடந்த 58 ஏக்கரைத் தொல்காப்பியப் பூங்காவாக மாற்றி 2011-இல் திறந்தார்கள். ஆரோவில்லின் பிச்சாண்டிக்குளம் வனக் குழுவினர் வடிவமைத்தது அது. அங்கே முதலில் நடந்தது தோண்டிக் குப்பை அகற்றி நீர்ப்பரப்பை மீட்பதுதான். கழிமுகத் தண்ணீர் உள்ளே வந்து போகத் தொடங்கிய பிறகு, அந்தக் கரைக்கு உரிய செடிகளை நட்டார்கள். எங்கள் ஓடைக்கும் அதே முறையைத்தான் பின்பற்றினோம். பழைய படுகையின் களிமண் தட்டும் வரை தோண்டி நீர்வழியைத் திறந்தோம். ஒரு சாரல் காலம் முழுக்கத் தண்ணீர் ஓடி உப்பைக் கழுவட்டும் என்று கரையை அப்படியே விட்டோம். பிறகு வெட்டிவேரும் நாணலும் அறுகும். அவை மண்ணைப் பிடித்துக்கொண்டதும் புங்கை, பூவரசு, நீர்மருது, நீர்க்கடம்பு. சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும் நெய்வேலிக் காட்டாமணக்கும் தலைநீட்டும்போதெல்லாம் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். வெறுமையான மண்ணைக் கண்டால் முதலில் ஓடிவருபவை அவைதான். மாவும் கொய்யாவும் வையுங்கள் என்று ஊரில் கேட்டார்கள். மூடிய மண்ணில் தின்னும் பழம் எதையும் வைப்பதில்லை என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. மேற்கே, குப்பையே படாத மேட்டில் நாவல் வைத்துக் கொடுத்தோம்.

தண்ணீர் தெளிந்தால் பறவை வரும். முக்குளிப்பான்தான் முதலில் வந்தது, அடுத்து புள்ளிமூக்கு வாத்து. ஏட்ரீ நிறுவனத்தின் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் 2011 முதல் தாமிரபரணிப் படுகைக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை நடத்தி வருகிறது. தன்னார்வலர்கள் குளக்கரை குளக்கரையாக நின்று எண்ணுகிறார்கள். மீட்ட நிலத்துக்கு இதைவிட நேர்மையான தணிக்கை கிடையாது. பள்ளிப் பிள்ளைகளையும் அதில் சேர்த்துவிட்டால் அந்த நீர்நிலைக்கு அவர்கள் கண்காணிப்பாளர்கள் ஆகிவிடுகிறார்கள்.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமான வேலை, மேட்டைத் திறப்பதற்கு முன்பே நடக்க வேண்டியது. ஊர்க்கூட்டத்தில் இளைஞர்கள் கபடிக் களம் வேண்டும் என்றார்கள். பெண்கள் நடைபாதையும் விளக்கும் கேட்டார்கள். ஆடு மேய்ப்பவர்களுக்கு மேய்ச்சல் வழி அடைபடக் கூடாது. பறவை வர வேண்டும் என்றால் ஒரு பக்கமாவது அமைதியாக இருக்க வேண்டும் என்றோம் நாங்கள். எல்லோரையும் நிலத்துக்கே கூட்டிப் போய், படத்தை விரித்து, எந்த மண் எப்படிப்பட்டது என்று காட்டினோம். ஈயம் இருந்த பகுதி மூடிய புல்மேடு. அங்கே தோண்டவோ விளையாடவோ கூடாது. சுத்தமான மேட்டில் களம். ஓடையின் ஒரு கரையில் நடைபாதை, மறுகரை பறவைகளுக்கு. மேய்ச்சல் வழி கிழக்கு எல்லையோரமாக, மூடிய மேட்டைத் தொடாமல். பேச்சு நீண்டது, குரல்களும் உயர்ந்தன. ஆனால் அன்று பேசியவர்கள் ஒவ்வொருவருக்கும் அந்த நிலத்தில் ஒரு பங்கு உண்டாயிற்று.

பெரிய ஊர்களில் இது இன்னும் சிக்கல். தொல்காப்பியப் பூங்கா பல ஆண்டுகள் முக்கியமாகப் பள்ளி மாணவர் குழுக்களுக்கு, குறித்த நாட்களில், வழிகாட்டியோடு திறந்துவிடப்பட்டது. அங்கே உயிர்கள் பெருக அது உதவியது. அக்கம்பக்கத்து மக்களுக்கு மட்டும் அது மதிலுக்கு அப்பால் இருந்த தோட்டம். சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதன் விளிம்பில் பெருங்குடிக் குப்பைமேட்டைச் சலித்து நிலத்தை மீட்கும் வேலை நடந்து வருகிறது. மீளும் ஒவ்வொரு ஏக்கரும் சதுப்புக்கே திரும்புமா, வேறு தேவைக்குப் போகுமா என்பதை இப்போதே கேட்டுத் தீர்க்க வேண்டும். நியூயார்க்கில் 2,200 ஏக்கர் பரப்புள்ள ஃபிரெஷ்கில்ஸ் குப்பைமேடு 2001-இல் மூடப்பட்டது. அதைப் பூங்காவாக மாற்றும் வேலையில், வடபகுதியில் 21 ஏக்கர் பொதுமக்களுக்குத் திறந்தது 2023-இல்தான். பணமும் நிபுணர்களும் நிறைந்த ஊருக்கே அத்தனை காலம் ஆகிறது. நம் பேரூராட்சிகள் ஒரு டெண்டர் காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

வேலை முடிந்தது என்று பலகை வைத்த பிறகும் செய்ய வேண்டியவை இருக்கின்றன. கீழ்ப்பக்கக் கிணற்றுத் தண்ணீரை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். மூடிய மேட்டில் வெடிப்பு, எலிவளை, யாராவது மண் எடுத்த பள்ளம் இருக்கிறதா என்று மழைக்கு முன்னால் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் பெரிய தொகை வேண்டாம். பேரூராட்சியின் வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு வரி போதும். ஆனால் அந்த வரி ஒவ்வொரு ஆண்டும் இருக்க வேண்டும். ஈயம் எங்கே புதைந்திருக்கிறது என்பது கிராமக் கணக்கிலேயே பதிவாக வேண்டும். இன்று ஆச்சிக்குத் தெரிந்தது நாளை யாருக்கும் தெரியாமல் போய்விடக் கூடாது.

தென்காசி தனி மாவட்டமானது 2019-இல். இந்த மாவட்டத்தின் ஓடைப் புறம்போக்குகள் எல்லாவற்றையும் புலப்படத்தோடு ஒப்பிட்டு ஒருமுறை நடந்து பார்த்துவிடலாம். எது இன்னும் சுத்தமாக இருக்கிறது, எது மூடத் தொடங்கியிருக்கிறது, எது முழுக்கக் கெட்டுவிட்டது என்று மூன்று பட்டியல் போடலாம். கெட்டதை மீட்க எங்களைப் போன்றவர்கள் வேண்டும். மூடத் தொடங்கியதற்கு ஓர் ஊர்க்கூட்டமும் ஒரு டிப்பர் லாரியும் போதும். சுத்தமாக இருப்பதற்கு, அங்கே தினமும் நாலு பேர் போய் வருவதற்கு ஒரு காரணத்தை ஏற்படுத்தினாலே போதும். செலவு குறைவானது சுத்தமானவற்றின் பட்டியல்தான். அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.